கத்திரி வெயிலில் அணையும் கம்ப்யூட்டர்: அறிகுறி பார்த்துக் கூலர் வாங்கும் வழி

மே மாதம் பிறந்துவிட்டால் மன்னார்குடியில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் என் பெஞ்சின் மேல் கேபினட்கள் வரிசை கட்டி நிற்கும். போட்டோ ஸ்டூடியோக்காரர், அச்சகம் வைத்திருப்பவர், நெல் வியாபாரக் கணக்குப் பார்ப்பவர், கல்லூரிப் பையன், யார் வந்தாலும் முடிவோடுதான் வருவார்கள்: "தம்பி, சூடாயி ஆஃப் ஆவுது. நல்ல கூலரா ஒண்ணு போட்டு விட்ருங்க." உடனே ஒன்றை எடுத்துப் போட்டால் எனக்கு லாபம்தான். ஆனால் அவர்களில் பலருக்குத் தேவைப்படுவது புதுக் கூலர் இல்லை. கூலரைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் பின்களில் கழன்ற ஒன்றை அழுத்த வேண்டியிருக்கும், தூசி எடுக்க வேண்டியிருக்கும், இல்லையென்றால் மேசை அலமாரிக்குள் அடைத்து வைத்த கேபினட்டை வெளியே எடுக்க வேண்டியிருக்கும். எந்த அறிகுறிக்கு எதைப் பார்ப்பது, எப்போது கூலர் வாங்கித்தான் ஆக வேண்டும், வாங்கினால் எதை வாங்குவது என்பதை நான் பெஞ்சில் பார்க்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஏர் கூலர் என்று இங்கே நான் சொல்வது கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் மேல் உட்காரும் ஹீட்சிங்க்கும் (சூட்டை இழுத்துக் காற்றில் விடும் உலோகப் பகுதி) ஃபேனும் சேர்ந்த கருவியை. நம் ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் தண்ணீர் ஊற்றி அறையில் வைக்கும் பெட்டிதான் முதலில் நினைவுக்கு வரும். அந்தப் பெட்டியைக் கம்ப்யூட்டரின் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்திருக்கும் கடைகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். ஈரக் காற்று உள்ளே இருக்கும் தூசியைக் களிமண் போல ஒட்ட வைத்துவிடும்.

முதலில் இரண்டு எண்கள்

ஒன்று அறையின் வெப்பம், இன்னொன்று பிராசசரின் வெப்பம். அறைக்குச் சுவரில் மாட்டும் சாதாரண வெப்பமானி போதும். பிராசசருக்கு ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பிராசசருக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் போன்ற மென்பொருள் ஒன்றைப் பத்து நிமிடம் ஓட விட்டு, அப்போது காட்டும் அதிகபட்ச வெப்பத்தையும், பிராசசர் எத்தனை கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எந்த ஏர் கூலரானாலும் அறைக் காற்றைவிடக் கீழே பிராசசரைக் கொண்டுபோக முடியாது. அறை ஒரு டிகிரி ஏறினால் பிராசசரும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். மார்கழியில் அறை 25 டிகிரி, பிராசசர் 75 என்றால் வித்தியாசம் 50. அதே கம்ப்யூட்டரைச் சித்திரையில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற 38 டிகிரி அறையில் ஓட்டினால் 88. கம்ப்யூட்டரில் எதுவும் கெடவில்லை, வெயில்தான் வந்திருக்கிறது. அதனால் நம் பக்கத்தில் கூலரை மார்கழிக் கணக்கில் வாங்கக் கூடாது, கத்திரிக் கணக்கில்தான் வாங்க வேண்டும். மழைக்காலத்தில் எல்லாக் கூலரும் நல்ல கூலராகவே தெரியும்.

எல்லை எது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இன்டெல்லின் 12, 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் பெரும்பாலானவை 100 டிகிரியைத் தொட்டதும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5000 வரிசைக்கு அது 90 அல்லது 95, ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலும் 95. வேகத்தைக் குறைத்தும் சூடு அடங்காவிட்டால்தான் கம்ப்யூட்டர் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும்.

ஆன் செய்து சில நிமிடங்களிலேயே அணைகிறது

பக்கத் தகட்டைக் கழற்றி, ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றினால், விண்டோஸுக்குப் போகாமல் பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரை) நுழைந்து சும்மா உட்காருங்கள். பிராசசர் வெப்பம் 40, 55, 70, 85 என்று கண் முன்னே ஏறிக்கொண்டே போனால், ஹீட்சிங்க் பிராசசரைச் சரியாகத் தொடவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

போன சித்திரையில் நீடாமங்கலத்திலிருந்து ஓர் அச்சகத்துக் கேபினட் வந்தது. மொபெட்டின் முன்னால் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, முழங்காலால் இடுக்கிக்கொண்டே கொண்டு வந்திருந்தார். ஹீட்சிங்க்கை ஒரு விரலால் தொட்டேன், ஒரு பக்கம் ஆடியது. கழற்றிப் பார்த்தால் பிராசசரின் உலோக மூடியில் பாதிக்கு மேல் பேஸ்ட் (பிராசசரின் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தப் பூசும் களிம்பு) காய்ந்து வெளுத்துப்போய் இருந்தது. மீதிப் பாதியில் மட்டும் ஈரமான சாம்பல் நிறம், அதில் ஹீட்சிங்க்கின் வட்டத் தடம். நான்கு பின்களில் ஒன்று மேலே எழும்பியிருந்ததால் ஹீட்சிங்க் சாய்ந்து பாதியை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. செலவு புதுப் பேஸ்ட் மட்டும்தான்.

இன்டெல் பெட்டியோடு வரும் கூலரில் நான்கு மூலையிலும் பின் இருக்கும். தலையில் அம்புக்குறி போட்டிருக்கும். அம்புக்குறி காட்டும் பக்கம் திருப்பினால் அது கழற்றுவதற்கு. மாட்டும்போது எதிர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, எதிரெதிர் மூலையாக இரண்டு இரண்டாக அழுத்த வேண்டும். ஒவ்வொன்றும் "டக்" என்று சத்தம் தர வேண்டும். சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். மதர்போர்டின் பின்பக்கம் பாருங்கள்: பிளந்த பிளாஸ்டிக் கால் விரிந்து, நடுவில் கறுப்பு ஊசி தெரிய வேண்டும். ஒரு கால் வளைந்து மடங்கியிருந்தால் அது உட்காரவே இல்லை. இரண்டு மூன்று முறை கழற்றி மாட்டிய பின்கள் தளர்ந்துவிடும். பின் உடைந்திருந்தால் பசை போட்டு ஒட்டாமல் வேறு கூலர் வாங்குங்கள். அப்போது ஸ்க்ரூவும் பின்தகடும் உள்ளதாகப் பார்த்து எடுத்தால் இந்தத் தொல்லை விட்டது.

ஏஎம்4 சாக்கெட் (மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) ரைசன் வைத்திருப்பவர்கள் கூலரை நேராகப் பிடுங்கவே கூடாது. காய்ந்த பேஸ்ட் ஒட்டிக்கொண்டு பிராசசர் சாக்கெட்டிலிருந்து ஊசிகளோடு மேலே வந்துவிடும். அந்த ஊசிகள் வளைந்தால் நிமிர்த்துவது பெரும்பாடு. ஐந்து பத்து நிமிடம் கம்ப்யூட்டரை ஓட்டிச் சூடாக்கி, மின்சாரத்தை எடுத்துவிட்டு, கூலரை இடம் வலமாக மெதுவாகத் திருகிப் பிறகு தூக்குங்கள்.

காலையில் நன்றாக இருக்கிறது, மதியம் மெதுவாகிறது

எங்கள் பக்கத்தில் அதிகம் வருவது இதுதான், அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். கும்பகோணத்தில் ஒரு ஸ்டூடியோ. வைகாசி முகூர்த்தங்கள் முடிந்து கல்யாண வீடியோக்கள் குவிந்திருந்த நேரம். காலை ஆறு மணிக்குப் போட்டால் சீக்கிரம் முடிகிற எக்ஸ்போர்ட், மதியம் இரண்டு மணிக்குப் போட்டால் இழுத்துக்கொண்டே போகிறது. கம்ப்யூட்டர் அணையவில்லை, எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. அண்ணன் ஹார்ட் டிஸ்க் கெட்டுவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டார். ஹெச்டபிள்யூஇன்ஃபோவைப் போட்டுப் பார்த்தால் வெப்பம் 100இல் நிற்கிறது, கிகாஹெர்ட்ஸ் படிப்படியாக இறங்குகிறது. பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மூச்சைக் குறைத்துக்கொண்டு ஓடுகிறது.

இந்த இடத்தில் கூலர் வாங்க ஓடாதீர்கள். ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு அதே வேலையை மறுபடி ஓட்டுங்கள். வெப்பம் எட்டு பத்து டிகிரி இறங்கினால் குற்றம் கூலரில் இல்லை, கேபினட்டுக்குள் காற்று போய் வரவில்லை. இரண்டு மூன்று டிகிரிதான் இறங்கியது என்றால் கூலரால் அந்தப் பிராசசரைச் சமாளிக்க முடியவில்லை. இந்தச் சோதனைக்குக் காலணா செலவில்லை.

ஸ்டூடியோவில் பன்னிரண்டு டிகிரி இறங்கியது. காரணம் மேசை. ஆசாரியிடம் சொல்லி அழகாகச் செய்த தேக்கு மேசை, கேபினட்டுக்கென்று தனி அறை, அதற்குக் கதவு. பின்பக்கம் ஒயர் போக ஒரு கையளவு ஓட்டை மட்டும். கூலர் வெளியே தள்ளிய சூடான காற்று அந்த அறைக்குள்ளேயே சுற்றி மறுபடி முன்பக்கமாக உள்ளே போனது. அந்த மேசை அறைக்குள் வெப்பமானியை வைத்துப் பார்த்தோம், 47 டிகிரி. வெளியே 36தான். அந்த இடத்தில் எவ்வளவு பெரிய கூலரைப் போட்டாலும் அது 47 டிகிரிக் காற்றைத்தான் குடிக்கும்.

நம் பழைய வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நுழைகிற காற்று ரேழி, கூடம் வழியாகக் கொல்லைப்புறம் போய் வெளியேறும். முற்றம் மேலே சூட்டை விடும். கேபினட்டும் அப்படித்தான். முன்பக்கம் வாசல், பின்பக்கமும் மேல்பக்கமும் கொல்லை. முன்னால் குறைந்தது ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் உள்ளே இழுக்க வேண்டும், பின்னால் ஒன்று வெளியே தள்ள வேண்டும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினட்களை நம் வெயிலுக்கு நான் யாருக்கும் சொல்வதில்லை, வலைத் தகடு போட்டதையே வாங்கச் சொல்வேன். சுவரை ஒட்டி வைத்திருந்தால் பின்னால் ஒரு சாண் இடம் விடுங்கள்.

கூலரின் ஃபேனும் அதே திசையில் தள்ள வேண்டும், முன்னிருந்து பின். எந்தப் பக்கம் காற்று வெளியேறும் என்று தெரியாவிட்டால் ஃபேனைப் பாருங்கள்: நடுவில் மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் இருக்கும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். ஃபேனைத் திருப்பிப் போட்டு, பின்பக்க ஃபேனோடு எதிர்த்து ஊதிக்கொண்டிருந்த கூலர்கள் என் பெஞ்சுக்கு வந்திருக்கின்றன.

மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது

வாங்கியபோது அறையைவிட 45 டிகிரி அதிகம் இருந்தது, இப்போது 60 என்றால் தூசி, அல்லது காய்ந்த பேஸ்ட். டெல்டாவின் தூசி வெறும் மண் தூசி இல்லை. அரைவை ஆலைக்குப் பக்கத்துத் தெருக்களில் உமித் தூளும் தவிட்டுத் தூசியும் மிதக்கும். குறுவை, சம்பா அறுவடைக் காலத்தில் சாலையிலேயே நெல் காயும், தூற்றும் பதர் வீட்டுக்குள் வரும். வீட்டில் கொசுவர்த்தியும் சாம்பிராணியும் சேர்ந்தால் அந்தப் புகையின் பிசுக்கில் தூசி ஒட்டிக்கொள்ளும். மேலாகப் பார்த்தால் ஃபேன் சுத்தமாகவே தெரியும். ஃபேனைப் பிடித்திருக்கும் கம்பிக் கிளிப்பை எடுத்து ஃபேனைத் தனியே கழற்றிப் பாருங்கள். ஹீட்சிங்க்கின் மெல்லிய அலுமினியத் தகடுகளான ஃபின்களின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளித் துண்டு விரித்தது போல இருக்கும், இரண்டு விரலால் பிடித்து உரித்தே எடுக்கலாம்.

பெயிண்ட் பிரஷ்ஷும் கையில் பிடிக்கும் சிறு புளோயரும் போதும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பறக்க விட்டால் பேரிங் போய்விடும். பஞ்சர் கடைக் கம்ப்ரசரில் கொடுத்து ஊதுகிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அந்த டாங்கிக்குள் தண்ணீரும் எண்ணெயும் தேங்கியிருக்கும், அதுவும் சேர்ந்தே மதர்போர்டு மேல் தெறிக்கும். வேண்டாம்.

ஹீட்சிங்க்கைக் கழற்றினால் பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து மாட்டுங்கள். சுண்ணாம்பு அடிப்பது போல அப்ப வேண்டியதில்லை.

ஃபேன் ஏறி ஏறி இறங்குகிறது

வெப்பம் 70க்குள் இருந்துகொண்டு சத்தம் மட்டும் அலை போல வந்து போனால், பயாஸில் ஃபேன் கர்வ் (எந்த வெப்பத்துக்கு ஃபேன் எவ்வளவு வேகம் என்று காட்டும் கோடு) செங்குத்தாக இருக்கிறது என்று பொருள். பிராசசரின் வெப்பம் ஒரு நொடியில் பத்து டிகிரி ஏறி இறங்குவது இயல்பு. 60 டிகிரி வரை ஃபேன் ஒரே வேகத்தில் இருக்கும்படி கோட்டைத் தட்டையாக்கி, ஏறுவதற்கான தாமதத்தைச் சில நொடிகள் கூட்டுங்கள். செலவில்லாமல் முடிந்துவிடும்.

உரசல் சத்தம் அல்லது சிபியு ஃபேன் எரர்

ஒயர் இறக்கையில் படுகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு பேரிங். ஒயர் படாமலேயே கரகரப்பு வந்தால் ஃபேனை மட்டும் மாற்றுங்கள். ஃபின்களைக் கோபுரம் போல அடுக்கிய டவர் கூலர்களில் பெரும்பாலும் சாதாரண 120 மில்லிமீட்டர் ஃபேன்தான், ஹீட்சிங்க் அப்படியே இருக்கலாம். திறந்திருக்கும் ஸ்லாட் வழியாகப் பல்லி உள்ளே போய் ஃபேனில் சிக்குவதும் உண்டு. பின்பக்கம் காலியாக இருக்கும் ஸ்லாட்களுக்குத் தகடு போட்டுவிடுங்கள். எரர் செய்தி வந்தாலும் ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தால், அதன் ஒயர் மதர்போர்டில் சிபியு ஃபேன் என்று எழுதிய இடத்தில் இல்லாமல் வேறு பின்னில் செருகப்பட்டிருக்கும்.

வெப்பம் சரியாக இருந்தும் ரீஸ்டார்ட் ஆகிறது

70 டிகிரியில் அணைகிற கம்ப்யூட்டருக்குக் கூலர் மருந்து இல்லை. சூட்டால் அணைவது வேலை கொடுத்துச் சில நிமிடம் கழித்து நடக்கும், உடனே மறுபடி போட்டால் இன்னும் சீக்கிரம் அணையும். மின்சாரத்தால் அணைவது எந்த நேரத்திலும் நடக்கும். தோட்டத்து மோட்டார் ஓடத் தொடங்கும்போது டியூப்லைட் மினுக்குகிறதா, அதே நொடியில் கம்ப்யூட்டர் போகிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் யுபிஎஸ் பேட்டரியையும் கேபினட்டுக்குள் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியையும் பார்க்க வேண்டும். இன்டெல் 13, 14ஆம் தலைமுறையின் பெரிய பிராசசர்கள் என்றால் இன்னொன்றும் உண்டு: வோல்டேஜ் கோளாறால் அவை நிலைகுலைவதை இன்டெல் 2024இல் ஒப்புக்கொண்டு மைக்ரோகோட் (பிராசசருக்குள் ஓடும் கட்டளைகள்) திருத்தம் கொடுத்தது, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டியது. பயாஸை அப்டேட் செய்துவிட்டுப் பிறகு பேசுங்கள்.

ஃபின்களில் வெள்ளைப் பூ பூத்திருக்கிறது

வேதாரண்யம், நாகப்பட்டினம், தரங்கம்பாடிப் பக்கத்திலிருந்து வரும் கூலர்களில் இதைப் பார்க்கிறேன். உப்புக் காற்று அலுமினியத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும், ஸ்க்ரூக்கள் துருப்பிடித்துத் திருக முடியாமல் போகும். பொடியைப் பிரஷ்ஷால் தட்டிவிடலாம், அரிப்பைத் திருப்ப முடியாது. கடற்கரை ஊர்க்காரர்கள் செப்புக் குழாய் வெறுமையாகத் தெரியும் கூலரைத் தவிர்த்து, நிக்கல் பூச்சு அல்லது கறுப்புப் பூச்சு உள்ளதை எடுங்கள்.

சரி, வாங்கத்தான் வேண்டும் என்றால்

ஹீட்சிங்க் சரியாகத் தொடுகிறது, தூசி இல்லை, தகட்டைத் திறந்தும் வெப்பம் இறங்கவில்லை. இப்போது கூலர் வாங்கலாம். பிராசசரின் பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை நம்பி வாங்காதீர்கள். ஐ5-12400இல் 65 வாட் என்று இருக்கும், ஆனால் டர்போவில் (வேலை கூடும்போது தானாக ஏறும் வேகம்) அது 117 வாட் வரை இழுக்கும். ஐ7-13700கே 125 என்று சொல்லி 253 வரை போகும். ரைசன் 5 5600இன் 65 வாட் நடைமுறையில் 76, ரைசன் 7 5800எக்ஸின் 105 நடைமுறையில் 142. கூலர் சுமக்க வேண்டியது இந்த இரண்டாவது எண்ணை.

பில் போடவும் டிடிபி வேலைக்கும் ஓடும் ஐ3, 5600 போன்றவற்றுக்கு, பெட்டியோடு வந்த கூலரே கத்திரியையும் தாண்டும். எடிட்டிங், ரெண்டரிங் என்று மணிக்கணக்கில் ஓடும் ஐ5, ரைசன் 7 என்றால் நான்கு ஹீட்பைப் உள்ள ஒற்றை டவர் வேண்டும். டீப்கூல் ஏகே400 இந்த வகை, உயரம் 155 மில்லிமீட்டர். பெயர் கே என்று முடியும் ஐ7 போன்றவற்றுக்கு இரட்டை டவர், தெர்மல்ரைட் பீர்லெஸ் அசாசின் 120 எஸ்இ மாதிரி. அதில் ஆறு ஹீட்பைப், இரண்டு ஃபேன்.

ஹீட்பைப் என்பது உள்ளே கொஞ்சம் திரவம் வைத்து மூடிய செப்புக் குழாய். இட்லிப் பானையில் அடித் தண்ணீர் ஆவியாகி மூடியில் பட்டு, துளியாகி மறுபடி கீழே விழுகிறதே, அதே வேலைதான். பிராசசர் பக்கம் ஆவியாகும், ஃபின் பக்கம் குளிர்ந்து திரவமாகி, குழாயின் உட்சுவரில் உள்ள திரி போன்ற பூச்சு வழியாகத் திரும்பி வரும். அதனால்தான் வெறும் அலுமினியக் கட்டியைவிட அது சூட்டை வேகமாகத் தூக்கிப்போகிறது. பிராசசரைத் தண்ணீரால் குளிர்விக்கும் கூலர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கும் நான் டவரைத்தான் சொல்கிறேன். டவரில் பம்ப் இல்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஃபேன் போனாலும் பக்கத்து ஊர்க் கடையில் ஒன்று வாங்கி மாட்டிவிடலாம்.

வாங்கும் முன் அளந்து பாருங்கள். பிராசசர் மூடியின் மேலிருந்து பக்கத் தகடு வரை ஸ்கேல் வைத்து, ஐந்து மில்லிமீட்டர் கழித்துக்கொள்ளுங்கள். நாக்டுவா என்ஹெச்-டி15 போன்ற பெரியவை 165 மில்லிமீட்டர், எல்லாக் கேபினட்டும் மூடாது. ராம் உயரமாக இருந்தால் முன் ஃபேனை மேலே ஏற்ற வேண்டி வரும், அதையும் உயரக் கணக்கில் சேருங்கள். சாக்கெட்டையும் கேட்டு வாங்குங்கள்: இன்டெல்லின் எல்ஜிஏ1200இல் துளைகளுக்கு இடையே 75 மில்லிமீட்டர், எல்ஜிஏ1700இல் 78. பழைய கூலரை அப்படியே புதுப் போர்டில் மாட்ட முடியாது. ஏஎம்4 போர்டில் கழற்றிய கறுப்பு பிளாஸ்டிக் பிராக்கெட்டையும் பின்தகட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அடுத்த கூலருக்கு அவை தேவைப்படலாம்.

இந்த மாதம் கையில் காசு இல்லை என்றால், பயாஸில் நீண்ட நேர மின்வரம்பை 65 வாட்டாக வையுங்கள், ரைசனில் மின்சாரத்தைக் குறைக்கும் ஈக்கோ மோட். எக்ஸ்போர்ட் கொஞ்சம் தாமதமாகும், ஆனால் பாதியில் அணையாது.

புதுக் கூலர் போட்டும் இறங்கவில்லை

கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். பிளாஸ்டிக் படலம் உரிக்கப்படாமல் இருக்கும், அல்லது ஒரு பக்க ஸ்க்ரூவை முழுக்க முடுக்கிவிட்டு மறு பக்கம் போயிருப்பார்கள். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இரண்டு சுற்றாக முடுக்க வேண்டும். ரைசன் 7000இல் பெயர் எக்ஸ் என்று முடியும் வகை என்றால் 95ஐப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது அந்த வெப்பம் வரை வேகத்தைக் கூட்டிக்கொள்ளும்படியே செய்யப்பட்டது. அதில் டிகிரியைவிடக் கிகாஹெர்ட்ஸ் கூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

பெரிய டவர் போட்ட கேபினட்டை வண்டியில் கொண்டுபோகும்போது, மதர்போர்டு கீழே வரும்படி படுக்க வைத்துக் கொண்டுபோங்கள். நிற்க வைத்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தக் கனம் முழுவதும் போர்டை இழுக்கும்.

வேலை முடிந்ததும் தேதி, அறை வெப்பம், பிராசசர் வெப்பம் மூன்றையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதிப் பக்கத் தகட்டின் உள்புறம் ஒட்டி அனுப்புவேன். கும்பகோணத்து ஸ்டூடியோக் கேபினட்டில் இப்போது 36, 84 என்று இருக்கிறது. மேசைக் கதவைக் கழற்றியதோடு சரி, கூலர் பழையதுதான்.